பழைய சர்வர் க்யூவுல நிக்கிற மெயிலை புது சர்வருக்கு மாத்துறது: புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் சிஸ்டம் அட்மின் வேலைக்குப் புதுசா சேர்ற பசங்களுக்கு இந்த வேலை என்னைக்காவது ஒரு நாள் தலையில வந்து விழும். காலேஜோ, ஆஸ்பத்திரியோ, ரைஸ் மில் ஆபீஸோ, மாடி ரூம்ல ஒரு பழைய பொட்டி வருஷக்கணக்கா மெயில் அனுப்பிட்டு இருக்கும், ஓனர் திடீர்னு ஒரு நாள் "தம்பி, இதை கிளவுடுக்கு மாத்திடுப்பா"ன்னு சொல்லிட்டு கார்ல ஏறிப் போயிடுவாரு. இன்பாக்ஸ்ல இருக்கற மெயிலை மாத்தறதுக்கு தேடினா நூறு வழி கிடைக்கும். ஆனா அனுப்பியாச்சு, இன்னும் போய்ச் சேரலன்னு நடுவுல தொங்கிட்டு இருக்கே, அந்த க்யூவை எல்லாரும் மறந்துடுவாங்க. பழைய பொட்டியை ஆஃப் பண்ணதுக்கு அப்புறம்தான் "நான் அனுப்பின கொட்டேஷன் போகவே இல்லையே"ன்னு போன் வரும்.

இங்க நான் சொல்றது போஸ்ட்ஃபிக்ஸுக்கு. வீட்ஸ வெனிமா ஐபிஎம் ரிசர்ச்ல இருந்தப்போ எழுதி 1998 கடைசியில வெளியான சாஃப்ட்வேர், நம்ம பக்கம் லினக்ஸ்ல ஓடுற மெயில் சர்வரைத் திறந்து பாத்தா பெரும்பாலும் இதுதான் உக்காந்திருக்கும். எக்ஸிம், சென்ட்மெயில்னு இருக்கற மத்த மெயில் சர்வர் சாஃப்ட்வேர் பத்தி கடைசியில ரெண்டு வார்த்தை. கமாண்டு, செட்டிங் பேரு எல்லாத்தையும் தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க. செட்டிங் பேருல ரெண்டு வார்த்தை சேர்ந்து வந்தா நடுவுல அண்டர்ஸ்கோர் இருக்கும்.

மொதல்ல க்யூன்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

போஸ்ட்ஃபிக்ஸோட க்யூ ஒரு டேட்டாபேஸ் கிடையாது, சாதா ஃபோல்டர்தான். வார், அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள போஸ்ட்ஃபிக்ஸ். அதைத் திறந்தா மெயில்டிராப், இன்கமிங், ஆக்டிவ், டிஃபர்ட், ஹோல்ட்னு ஃபோல்டர் இருக்கும். லோக்கலா புதுசா போட்ட மெயில் மெயில்டிராப்ல, உள்ள எடுத்துக்கிட்டது இன்கமிங்ல, இப்ப அனுப்பிக்கிட்டு இருக்கறது ஆக்டிவ்ல, ஒரு தடவை முயற்சி பண்ணி முடியாம "அப்புறம் பாக்கலாம்"னு ஒதுங்கினது டிஃபர்ட்ல, நீங்களே நிறுத்தி வச்சது ஹோல்ட்ல. டிஃபர், பவுன்ஸ், டிரேஸ்னு இன்னும் மூணு இருக்கும், ஒவ்வொரு மெயிலும் ஏன் போகலங்கற குறிப்பு அதுலதான் இருக்கு.

போகாத மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் விட்டு விட்டு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், டிஃபால்ட்டா 300 செகண்ட் இடைவெளியில ஆரம்பிச்சு 4000 செகண்ட் வரைக்கும் அந்த இடைவெளி நீளும். அஞ்சு நாள் ஆகியும் போகலன்னா அனுப்பினவருக்கே திருப்பி அனுப்பிடும், இதுக்குத்தான் பவுன்ஸ்னு பேரு. இந்த அஞ்சு நாள் கணக்கை மனசுல வச்சுக்கோங்க, நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

கை வைக்கறதுக்கு முன்னாடி

போஸ்ட்க்யூ -பி ன்னு அடிங்க, மெயில்க்யூன்னு அடிச்சாலும் அதேதான். லிஸ்ட் வரும், கடைசி வரியில மொத்தம் எத்தனை மெயில்னு இருக்கும், அந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. ஐடிக்குப் பக்கத்துல நட்சத்திரம் இருந்தா ஆக்டிவ், ஆச்சரியக்குறி இருந்தா ஹோல்ட். ஏற்கனவே ஹோல்ட்ல நிக்கறதை மட்டும் தனியா குறிச்சுக்கோங்க, யாரோ ஏதோ காரணத்துக்காக நிறுத்தியிருப்பாங்க, மாத்தற சாக்குல அதையும் சேர்த்து அனுப்பிடக் கூடாது.

க்யூஷேப்னு ஒரு கமாண்டு இருக்கு, எந்த டொமைனுக்கு எத்தனை மெயில், எவ்வளவு நேரமா நிக்குதுன்னு டேபிளா காட்டும். நம்ம ஊரு சர்வர்கள்ல பாதிக்கு மேல குப்பைதான் இருக்கும்னு தைரியமா சொல்லுவேன், எவனோ ஒருத்தனோட பாஸ்வேர்டு போயி அதை வச்சு ஸ்பேம் அனுப்பியிருப்பான், அதுக்கு வந்த பவுன்ஸ் எல்லாம் மெயிலர்-டீமன் பேர்ல நின்னுட்டு இருக்கும். சந்தேகமா இருக்கறதை போஸ்ட்கேட் -க்யூ போட்டு ஐடி குடுத்துப் படிச்சுப் பாருங்க, குப்பைன்னு உறுதியானா போஸ்ட்சூப்பர் -டி போட்டு அந்த ஐடியை அழிங்க. இந்த குப்பையோட புது ஐபிக்குப் போனா முதல் நாளே ஜிமெயில் உங்க புது சர்வரை சந்தேகமா பாக்க ஆரம்பிச்சிடும். போஸ்ட்சூப்பர் -டி பக்கத்துல ஆல்னு பெரிய எழுத்துல போட்டா மொத்த க்யூவும் காலி, திரும்ப வராது, அதனால அந்த வார்த்தைகிட்ட மட்டும் எச்சரிக்கையா இருங்க.

புது சர்வர் பக்கம் எஸ்பிஎஃப் ரெக்கார்டுல (உங்க டொமைன் பேர்ல எந்த ஐபி மெயில் அனுப்பலாம்னு சொல்ற டிஎன்எஸ் குறிப்பு) புது ஐபி சேர்ந்திருக்கணும், ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியைக் குடுத்தா சர்வர் பேரு வர்றது) சரியா இருக்கணும், மெயில் சர்வர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசற 25ஆம் போர்ட் வெளிய போக திறந்திருக்கணும், நிறைய கிளவுடு கம்பெனி அதை அடைச்சுத்தான் குடுப்பாங்க. 2024 பிப்ரவரிலேந்து கூகுளும் யாஹூவும் எஸ்பிஎஃப், ரிவர்ஸ் டிஎன்எஸ் விஷயத்துல கறாரா இருக்காங்க. எம்எக்ஸ் ரெக்கார்டோட (உங்க டொமைனுக்கு வர்ற மெயிலை எந்த சர்வர் வாங்கும்னு சொல்றது) டிடிஎல்லை, அதாவது மத்தவங்க அதை எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சிருக்கலாம்ங்கற கணக்கை, ரெண்டு நாள் முன்னாடியே கம்மி பண்ணி வச்சிடுங்க. டைம் சரியா இருக்கான்னு பாருங்க, இது என்னடா சின்ன விஷயம்னு தோணும், ஆனா டிஃபர்ட்ல இருக்கற ஒவ்வொரு ஃபைலுக்கும் "அடுத்து எப்ப முயற்சி பண்ணணும்"ங்கறதை அந்த ஃபைலோட மாடிஃபைடு டைம்லயே போஸ்ட்ஃபிக்ஸ் எழுதி வச்சிருக்கு, புது சர்வர் கடிகாரம் பின்னாடி ஓடினா அந்த நேரம் வரலன்னு மெயில் பாட்டுக்கு சும்மா உக்காந்திருக்கும்.

பழைய சர்வர் உயிரோட இருந்தா ஃபைலைத் தொடவே தொடாதீங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் நேரா காப்பி பண்ணத்தான் ஓடுவாங்க. வேணாம். பழைய பொட்டி ஓடுதுன்னா அதுவே தன்னோட க்யூவை புது சர்வர்கிட்ட எஸ்எம்டிபில, அதாவது சர்வருக்கு சர்வர் மெயில் குடுத்து வாங்கற முறையில, ஒப்படைக்கட்டும். ஒரு மெயில் ஒப்படைச்சதும் புதுசு "வாங்கிக்கிட்டேன்"னு சொல்லும், அப்புறம்தான் பழசு தன்கிட்ட இருக்கறதை அழிக்கும், நடுவுல கரண்டு போனாலும் மெயில் தொலையாது, ரொம்ப மிஞ்சிப் போனா ஒண்ணு ரெண்டு மெயில் ரெண்டு தடவை போகும்.

புது சர்வர்ல மெயின்.சிஎஃப்ங்கற போஸ்ட்ஃபிக்ஸ் செட்டிங் ஃபைலைத் திறந்து மைநெட்வொர்க்ஸ்ல (பாஸ்வேர்டு கேக்காம யார்கிட்டேந்து மெயில் வாங்கி வெளிய அனுப்பலாம்ங்கற லிஸ்ட்) பழைய சர்வரோட ஐபியை மட்டும் சேருங்க, மொத்த ரேஞ்சையும் சேர்க்காதீங்க. ஆபீஸ்ல பிராட்பேண்டு, ஐபி மாறிக்கிட்டே இருக்கும்னா இந்த வழி ஆகாது, 587 போர்ட்ல யூசர்நேம் பாஸ்வேர்டு வச்சு அனுப்பற மாதிரி செட் பண்ணிக்கோங்க. பழைய சர்வர்ல ரிலேஹோஸ்ட்னு ஒரு வரி, அதுக்கு நேரா புது சர்வர் பேரை சதுர அடைப்புக்குறிக்குள்ள போடுங்க. அந்த அடைப்புக்குறி அழகுக்கு இல்ல, அது இருந்தாத்தான் எம்எக்ஸ் தேடாம நேரா அந்த மெஷினுக்குப் போகும். டிரான்ஸ்போர்ட் மேப்ஸ்ல ஏதாவது எழுதியிருந்தா அதுதான் ரிலேஹோஸ்ட்டை விட ஒஸத்தி, அதையும் பாத்துக்கோங்க. அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோடு, அதுக்கப்புறம் போஸ்ட்க்யூ -எஃப். அவ்வளவுதான், லாக்ல ஒண்ணு ஒண்ணா ஸ்டேட்டஸ் சென்ட்னு வரிசையா ஓட ஆரம்பிக்கும். பழைய சர்வர்ல ஸ்பேம், வைரஸ் பாக்கற கன்டென்ட் ஃபில்டர் ஏதாவது போட்டிருந்து அதை இப்ப எடுத்துட்டீங்கன்னா மட்டும் ரீலோடு பத்தாது, அந்த ஃபில்டர் விஷயம் க்யூ ஃபைலுக்குள்ளயே எழுதியிருக்கும், போஸ்ட்சூப்பர் -ஆர் ஆல் போட்டு மொத்தத்தையும் புதுசா க்யூவுல ஏத்தணும்.

இதுல வழுக்கற இடம் ஒண்ணு இருக்கு. உங்க சொந்த டொமைனுக்கு வர்ற மெயில். பழைய சர்வர் அதை இன்னமும் தன் வீட்டு மெயில்னு நினைச்சு பழைய இன்பாக்ஸ்லயே போட்டுடும், அங்க இனிமே யாரும் போய் பாக்க மாட்டாங்க. அதனால மைடெஸ்டினேஷன்லேந்தும் வர்ச்சுவல் லிஸ்ட்லேந்தும் டொமைனை எடுத்துடுங்க. ஆனா எடுத்துட்டு அப்படியே விட்டுடாதீங்க, எடுத்த கையோட அதை ரிலே டொமைன்ஸ்ல (வாங்கி வேற சர்வருக்குக் கை மாத்தி விட வேண்டிய டொமைன் லிஸ்ட்) போடணும். போடலன்னா எம்எக்ஸ் மாறினது இன்னும் தெரியாம பழைய சர்வருக்கே வர்றவங்களை "ரிலே அக்சஸ் டினைடு"ன்னு முகத்துல அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பிடும், அது 5ல ஆரம்பிக்கற எர்ரர், அனுப்பின சர்வர் மறுபடி முயற்சியே பண்ணாது. 4ல ஆரம்பிக்கற எர்ரர்னா திரும்ப வரும், 5ன்னா கதை முடிஞ்சுது.

ஒரேயடியா அத்தனையும் புது ஐபிலேந்து வெளிய தள்ளிடாதீங்க. தூர் வாராத வாய்க்கால்ல மதகை முழுசா தூக்கினா கரைதான் ஒடையும், ஜிமெயில் பக்கமும் அதே கதைதான், புது ஐபிலேந்து திடீர்னு குவிஞ்சா அவங்க 421 குடுத்து நிறுத்துவாங்க, உங்க மெயில் மறுபடி டிஃபர்ட்லதான் போய் உக்காரும். புது சர்வர்ல எஸ்எம்டிபி டெஸ்டினேஷன் ரேட் டிலேன்னு ஒரு செட்டிங், அதுல 1எஸ் ன்னு போட்டா ஒவ்வொரு டொமைனுக்கும் ஒவ்வொரு செகண்ட் இடைவெளி விட்டு ஒண்ணு ஒண்ணா அனுப்பும். க்யூ காலியானதும் எடுத்துடலாம்.

பழைய பொட்டி எந்திரிக்கலன்னா

இது நம்ம டெல்டாவுல அதிசயம் இல்ல. ஐப்பசி கார்த்திகை வந்தா மழை, புயல், இடி, கரண்டு ஏத்த இறக்கம், மதர்போர்டு போயிடும், டிஸ்க் மட்டும் பொழைச்சிருக்கும். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்கள்ல பல ஊருக்கு வாரக்கணக்குல கரண்டே இல்ல. இப்ப அந்த அஞ்சு நாள் கணக்கை யோசிச்சுப் பாருங்க. பதினஞ்சு நாள் கழிச்சு டிஸ்க்கை எடுத்து வேற மெஷின்ல மாட்டி போஸ்ட்ஃபிக்ஸை ஸ்டார்ட் பண்ணா, அதுக்கு உள்ள இருக்கற மெயில் எல்லாமே அஞ்சு நாள் தாண்டினது, ஒரு தடவை முயற்சி பண்ணும், அந்த ஒரு தடவை எதிர்ல இருக்கறவன் பிஸின்னு சொல்லிட்டாலோ உங்க நெட் சரியா இல்லாம இருந்தாலோ அத்தோட சரி, பவுன்ஸ். அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே மேக்ஸிமல் க்யூ லைஃப்டைம், பவுன்ஸ் க்யூ லைஃப்டைம் ரெண்டையும் 30டி (முப்பது நாள்) மாதிரி ஏத்தி வச்சுக்கோங்க, வேலை முடிஞ்சதும் மறக்காம பழையபடி 5டிக்கு இறக்கிடுங்க.

இப்ப காப்பி வேலை. இதுலதான் ஒரு பெரிய முடிச்சு இருக்கு. போஸ்ட்ஃபிக்ஸ் க்யூ ஐடி, அதாவது அந்த ஃபைலோட பேரு, டிஃபால்ட்டா டிஸ்க்ல அந்த ஃபைலோட ஐநோடு நம்பரை (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல இருக்கற அடையாள நம்பர்) வச்சு உண்டாக்கினது. வேற டிஸ்க்குக்குப் போனா ஐநோடு மாறிடும், பேரு பழசாவே இருக்கும். இதனால ரெண்டு ஆபத்து: ஒண்ணு, பேருக்கும் ஐநோடுக்கும் பொருத்தம் இல்லாததால பின்னாடி வர்ற புது மெயிலுக்கு அதே பேரு கிடைச்சு மோதும், ரெண்டாவது, ஏற்கனவே மெயில் ஓடிட்டு இருக்கற க்யூவுக்குள்ள கொண்டு போய்க் கொட்டினா ஒரே பேருல ரெண்டு ஃபைல் வந்து ஒண்ணு இன்னொண்ணை அழிச்சிடலாம், சத்தமே இல்லாம. 2.9 வெர்ஷன்லேந்து எனேபிள் லாங் க்யூ ஐடிஸ்னு ஒரு செட்டிங் வந்திருக்கு, அதைப் போட்டிருந்தா நேரமும் சேர்ந்த நீளமான பேரு வரும், இந்தத் தொல்லை இல்ல. புது சர்வர்ல இப்பவே அதை எஸ்னு போட்டு வைங்க, அடுத்து இந்த வேலைக்கு வர்றவன் உங்களை வாழ்த்துவான்.

அதனால விதி இதுதான்: காலியா இருக்கற க்யூவுக்குள்ள மட்டும்தான் காப்பி பண்ணணும். புது சர்வர் ஏற்கனவே ஓட ஆரம்பிச்சிடுச்சா, நடுவுல ஒரு சின்ன மெஷின் எடுங்க, ஒரு பழைய லேப்டாப் போதும், அதுல போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு, காலி க்யூவுல பழைய மெயிலை இறக்கி, அங்கேந்து மேல சொன்ன ரிலேஹோஸ்ட் வழியில புதுசுக்கு ஒப்படைச்சிடுங்க. சுத்து வழி மாதிரி இருக்கும், ஆனா இதுதான் பத்திரம்.

ரெண்டு பக்கமும் போஸ்ட்ஃபிக்ஸை ஸ்டாப் பண்ணுங்க. பழசு கொஞ்ச நேரமாவது ஓடற நிலைமையில இருந்தா ஸ்டாப் பண்றதுக்கு முன்னாடி போஸ்ட்சூப்பர் -எச் ஆல் (சின்ன எச்) போட்டு எல்லாத்தையும் ஹோல்டுக்குத் தள்ளிடுங்க, புது இடத்துல ஸ்டார்ட் ஆனதும் தானா கெளம்பிப் போகாது, நாம நிதானமா பாத்து விடலாம். காப்பி பண்ணும்போது மொத்த ஃபோல்டரையும் தூக்காதீங்க, டெபியன், உபுண்டுல அதே ஃபோல்டருக்குள்ள ஈடிசி, லிப், பிரைவேட், பப்ளிக், பிஐடின்னு வேற சமாச்சாரம் எல்லாம் இருக்கும், அதெல்லாம் அந்தந்த மெஷினோடது. மெயில்டிராப், இன்கமிங், ஆக்டிவ், டிஃபர்ட், ஹோல்ட், அதோட டிஃபர், பவுன்ஸ், டிரேஸ், இவ்வளவு போதும்.

ஆர்சிங்க் -ஏ போட்டு ரூட்டா காப்பி பண்ணுங்க, இல்லன்னா டார். வின்எஸ்சிபில விண்டோஸ் மெஷினுக்கு இறக்கி பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய் மறுபடி ஏத்தலாம்னு மட்டும் நினைக்காதீங்க. க்யூ ஃபைல் முழுசா எழுதி முடிஞ்சுதுங்கறதுக்கு அடையாளமா போஸ்ட்ஃபிக்ஸ் ஃபைலுக்கு எக்ஸிக்யூட் பெர்மிஷன் குடுத்து வச்சிருக்கும், 0700ன்னு. விண்டோஸ் வழியா போனா அது காணாம போயிடும், அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த ஃபைலை அரைகுறைன்னு நினைச்சு சீண்டவே சீண்டாது, நீங்க மெயில் ஏன் போகலன்னு மண்டையைப் பிச்சுக்கணும். நெட்வொர்க் வழியா ஆர்சிங்க் பண்ணா ஓனர் பேரைப் பாத்து சரியா மாத்திக்கும். ஆனா பழைய டிஸ்க்கை நேரா மாட்டி காப்பி பண்றீங்கன்னா போஸ்ட்ஃபிக்ஸ் யூசரோட நம்பர் ரெண்டு மெஷின்லயும் வேற வேறயா இருக்கலாம், மெயில்டிராப் தவிர மத்த ஃபோல்டர்கள்ல ஓனரை போஸ்ட்ஃபிக்ஸுக்கு நீங்களே மாத்தி விடணும்.

அடுத்து போஸ்ட்சூப்பர் -எஸ். இதுதான் பேரையும் ஐநோடையும் பொருத்தி ஃபைலுக்கு மறுபேரு வைக்கறது, இடம் மாறி இருக்கறதையும் எடுத்து சரியான இடத்துல வைக்கும். ஒரு தடவை போட்டுட்டு போயிடாதீங்க, பேரு மாத்தினேன்னு சொல்றது நிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப போடுங்க. அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸ் செக். அது ஓனர் சரியில்ல, பெர்மிஷன் சரியில்லன்னு ஏதாவது முனகினா சரி பண்ணிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

டிஸ்க் மட்டும் கிடைச்ச கேஸ்ல ஹோல்டுக்குத் தள்ள வாய்ப்பு இருந்திருக்காது, அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இங்கயே போஸ்ட்சூப்பர் -எச் ஆல் போட்டுடுங்க, போஸ்ட்ஃபிக்ஸ் ஓடாம இருந்தாலும் அது வேலை செய்யும். ஸ்டார்ட் பண்ணி போஸ்ட்க்யூ -பி பாருங்க, பேப்பர்ல நம்பர் எழுதி வச்சிருந்தா அதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒரே ஒரு மெயிலை, முடிஞ்சா உங்க ஆபீஸ் ஆளுக்கே போற மாதிரி ஒண்ணை எடுத்து, போஸ்ட்சூப்பர் பெரிய எச் போட்டு வெளிய விடுங்க. சின்ன எச் நிறுத்தும், பெரிய எச் விடும். லாக்ல ஸ்டேட்டஸ் சென்ட்னு வந்து, அவரும் "வந்துடுச்சு"ன்னு சொன்னாத்தான் மீதி. ஹோல்ட்ல இருக்கற வரைக்கும் மெயிலுக்கு வயசு தாண்டி பவுன்ஸ் ஆகறது நடக்காது, விட்ட உடனே அந்தக் கணக்கு பொருந்திடும். அதனால புயல் கேஸ் மாதிரி ரொம்ப நாள் ஆன மெயிலை பெரிய எச்சுக்கு பதிலா -ஆர் போட்டு விடுங்க, அது மெயிலை புது ஃபைலா புது ஐடியோட க்யூவுல ஏத்தும்.

ஒரு மெயில் பதினஞ்சு நாள் கழிச்சு போறது நல்லதான்னு ஒரு கேள்வி இருக்கு. என்னைக் கேட்டா எல்லாத்தையும் அனுப்பக் கூடாது. "நாளைக்கு காலேஜ் லீவு"ன்னு புயலுக்கு முன்னாடி போட்ட சர்க்குலர் இப்ப போனா பேரன்ட்ஸ் குழம்புவாங்க. லிஸ்ட்டை எடுத்து ஆபீஸ்ல ஒருத்தரை பக்கத்துல உக்கார வச்சு, இது போகட்டும் இது வேணாம்னு கேட்டு முடிவு பண்ணுங்க, அது அட்மின் தனியா எடுக்கற முடிவு இல்ல.

காப்பி பண்ண பிறகு பழைய டிஸ்க்ல இருக்கற க்யூவை உடனே அழிக்காதீங்க, ஆனா அந்த பழைய போஸ்ட்ஃபிக்ஸ் தப்பித் தவறிக்கூட ஸ்டார்ட் ஆகாம பாத்துக்கோங்க. பூட் ஆகும்போது தானா ஓடறதை டிஸேபிள் பண்ணி, ஃபோல்டர் பேரையும் மாத்தி வைங்க. யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் யுபிஎஸ் பாக்க வந்து பொட்டியை ஆன் பண்ணிட்டுப் போனா ஒவ்வொரு கஸ்டமருக்கும் அதே பில் ரெண்டாவது தடவை போகும்.

எக்ஸிம்னா ஸ்பூல்ல இன்புட் ஃபோல்டர்ல ஒவ்வொரு மெயிலுக்கும் -எச், -டி ன்னு முடியற ரெண்டு ஃபைல் இருக்கும், ரெண்டையும் சேர்த்தே நகர்த்தணும். சென்ட்மெயில்ல எம்க்யூ ஃபோல்டர்ல க்யூஎஃப், டிஎஃப்னு ஆரம்பிக்கறது, அதுவும் ஜோடிதான். ஒரு சாஃப்ட்வேர்லேந்து இன்னொரு சாஃப்ட்வேருக்கு ஃபைலை காப்பி பண்ணி எந்தப் பிரயோஜனமும் இல்ல, எஸ்எம்டிபில ஒப்படைக்கறது ஒண்ணுதான் வழி.

க்யூ காலியாயிடுச்சுன்னு பழைய சர்வரை அன்னைக்கே பிடுங்கிடாதீங்க. ஒரு வாரமாவது ஓடட்டும், தினமும் அதோட லாக்கைத் திறந்து இன்னும் யார் அதோட ஐபிக்கு கனெக்ட் பண்றாங்கன்னு பாருங்க. மனுஷங்க எல்லாரும் மாறியிருப்பாங்க, மெஷினுங்கதான் மாறாது: ஆபீஸ் ஸ்கேனர், வாசல்ல இருக்கற கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின், மில்லுல இருக்கற சிசிடிவி டிவிஆர், ராத்திரி பேக்கப் முடிஞ்சா மெயில் போடற கிரான் ஜாப், எல்லாத்துலயும் பழைய ஐபியை யாரோ எப்பவோ கையால அடிச்சு வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா தேடிப் போய் மாத்தி, லாக்ல அந்த லிஸ்ட் காலியானதுக்கு அப்புறம் ரிலே டொமைன்ஸை எடுத்துட்டு பொட்டியை ஆஃப் பண்ணுங்க.